நாவலை வாங்கிய ஸ்டுடியோ உண்மையில் எதை வாங்கியது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ரெபெக்கா நாவலை வாசித்த கையோடு ஹிட்ச்காக்கின் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். நாவலில் கொலையாக இருந்தது படத்தில் விபத்தாகிவிட்டது. வதரிங் ஹைட்ஸ் படமோ பாதிக் கதையிலேயே முடிந்துவிட்டது. பழைய ஹாலிவுட்காரர்கள் நல்ல நாவல்களில் ஏன் இப்படிக் கை வைத்தார்கள், சுமாரான கதையிலிருந்துதான் சிறந்த படம் வரும் என்று சொல்வது உண்மையா, இனிமேல் புத்தகத்தை முதலில் படிப்பதா படத்தை முதலில் பார்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அச்சில் இருந்த கதை திரைக்கு வந்து சேர்வதற்குள் அதில் யார் யார் கை பட்டது? அது தெரிந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் பதில் சொல்வது சுலபம்.

நான் திரைக்கதை சொல்லிக்கொடுப்பவன். படத்தையும் அதன் மூலத்தையும் அருகருகே வைத்து வாசிப்பது பல வருடப் பழக்கம். அதனால் என் பார்வை எழுத்து மேசையிலிருந்து பார்க்கிற பார்வைதான். நடிப்பு, ஒளிப்பதிவு பற்றி இதில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். காலத்தையும் ஏறத்தாழ 1930இலிருந்து 1950 வரை என்று வைத்துக்கொள்கிறேன். ஊமைப்படங்களின் கதையே வேறு.

அந்த நாளில் எம்ஜிஎம், பாரமவுண்ட், வார்னர் பிரதர்ஸ், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆர்கேஓ என்று ஐந்து பெரிய ஸ்டுடியோக்கள். படம் எடுப்பது, விநியோகிப்பது, ஊர் ஊராகத் தியேட்டர் நடத்துவது எல்லாம் அவர்களேதான். தியேட்டர்களைப் பிரித்துவிடும்படி 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை இதுதான் நிலைமை. சொந்தத் தியேட்டர் காலியாகக் கிடக்கக் கூடாது என்றால் படம் வந்துகொண்டே இருக்க வேண்டும், படத்துக்குக் கதை வந்துகொண்டே இருக்க வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் ஒரு கதை இலாகா இருந்தது. நியூயார்க்கில் ஒரு கிளை. அதன் வேலை பதிப்பகங்களையும் நாடக அரங்குகளையும் பத்திரிகைகளையும் மோப்பம் பிடிப்பது. நாவல் கடைக்கு வரும் முன்பே, அச்சுப் பிழை திருத்தும் கட்டத்திலேயே, அதன் படி ஸ்டுடியோவுக்குப் போய்விடும். அங்கே குறைந்த சம்பளத்தில் உட்கார்ந்திருக்கும் வாசகர்கள் அதைச் சில பக்கங்களுக்குச் சுருக்கி, படமாக எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு குறிப்பும் எழுதி மேலே அனுப்புவார்கள். பின்னாளில் பெரிய திரைக்கதையாசிரியரான டால்டன் டிரம்போ வார்னரில் இப்படி ஒரு வாசகராகத்தான் வேலையைத் தொடங்கினார்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. முடிவெடுக்கும் தயாரிப்பாளர் பெரும்பாலும் நாவலைப் படிப்பதில்லை, சுருக்கத்தைத்தான் படிக்கிறார். சுருக்கத்தில் ஒரு நாவலின் மொழி வராது, கதைசொல்லியின் குரல் வராது. யார் யாரை விரும்பினார், யார் செத்தார், வீடு எப்படி எரிந்தது என்பது மட்டும் வரும். ஸ்டுடியோ பணம் கொடுத்து வாங்கியது அந்த நிகழ்ச்சிகளையும், தலைப்பையும், தலைப்புக்கு ஏற்கனவே இருந்த பெயரையும்தான். படத்தில் 'நாவலின் ஆன்மா' இல்லையே என்று நாம் குறைப்படும்போது, அந்த ஆன்மா வாங்கிய பட்டியலிலேயே இல்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

கான் வித் த விண்ட் இதற்கு நல்ல உதாரணம். மார்கரெட் மிட்செலின் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட அந்த நாவல் 1936 ஜூன் கடைசியில் வெளிவந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே, தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கின் நியூயார்க் அலுவலகத்தில் கதைப் பொறுப்பாளராக இருந்த கே பிரவுன் சுருக்கத்தை அனுப்பி, உடனே வாங்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டார். செல்ஸ்னிக் தயங்கினார், பிறகு ஜூலையில் 50,000 டாலருக்கு உரிமையை வாங்கினார். புத்தகத்தை முழுதாகப் படித்தது வாங்கிய பிறகுதான். சிட்னி ஹோவர்ட் திரைக்கதை எழுதினார், அவருக்குப் பின்னால் ஒரு படையே அதைத் திருத்தியது. கதாநாயகி ஸ்கார்லெட்டுக்கு முதல் இரண்டு திருமணங்களில் பிறந்த இரண்டு பிள்ளைகள் படத்தில் காணாமல் போனார்கள். அது நீளத்துக்காகச் செய்த வெட்டு. நாவலில் வெளிப்படையாக வரும் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல், படத்தில் பெயரில்லாத ஓர் அரசியல் கூட்டமாக மாறியது. கறுப்பர்களை இழிவு செய்யும் வசைச்சொல்லும் கறுப்பினப் பத்திரிகைகளும் அமைப்புகளும் எதிர்த்ததால் நீக்கப்பட்டது. மூலத்திலிருந்து விலகியதாலேயே படம் கொஞ்சம் தேவலை என்றான இடங்கள் இவை. மற்றபடி அடிமை முறையைப் பற்றிய நாவலின் இனிப்பான பொய் படத்திலும் அப்படியே இருக்கிறது. மூலத்துக்கு விசுவாசமாக இருப்பது எப்போதும் நல்ல குணம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்தப் படத்தில் கதாநாயகன் ரெட் பட்லர் கடைசியாகப் பேசும் வசனத்தில் வரும் 'டேம்' என்ற வசைச்சொல்லுக்காகச் செல்ஸ்னிக் 5,000 டாலர் அபராதம் கட்டினார் என்று ஒரு கதை உலவுகிறது. நம்ப வேண்டாம். இலக்கிய மேற்கோளாகவோ வரலாற்றுச் சூழலுக்குத் தேவையாகவோ வந்தால் அந்தச் சொல்லை அனுமதிக்கலாம் என்று 1939 நவம்பர் தொடக்கத்திலேயே தணிக்கை விதியைத் திருத்திவிட்டார்கள். படத்தின் முதல் காட்சி நடந்தது டிசம்பர் மத்தியில்.

காசாபிளாங்காவுக்கு மூலம் நாவல்கூட இல்லை. மரே பர்னெட், ஜோன் அலிசன் என்ற இருவர் எழுதி, எந்த மேடையும் ஏறாத ஒரு நாடகம் அது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, வார்னரின் வாசகர் மேசைக்கு வந்தது. அடுத்த மாதமே 20,000 டாலருக்கு வாங்கிவிட்டார்கள். படப்பிடிப்பு முடியும் வரை முடிவு என்னவென்று யாருக்குமே தெரியாது, கதாநாயகி யாரோடு போவாள் என்று இயக்குநருக்கே தெரியாது என்று எங்கும் எழுதியிருப்பார்கள். பாதி உண்மை. திரைக்கதை படப்பிடிப்போடு ஓட்டமாக எழுதப்பட்டது நிஜம். கடைசிக் காட்சியை எப்படி நம்பும்படி அமைப்பது என்று எழுத்தாளர்கள் தவித்ததும் நிஜம். ஆனால் அவள் கதாநாயகன் ரிக்கோடு அல்ல, தப்பி ஓடும் விக்டர் லாஸ்லோவோடு போகிறாள் என்ற முடிவு நாடகத்திலேயே இருந்தது. ரிக் அவளை அனுப்பிவிட்டுத் தான் பின்தங்குகிறான். நாடகத்தில் அவன் ஜெர்மானியரிடம் பிடிபடுகிறான், படத்தில் தப்பிக்கிறான். 'ஆஸ் டைம் கோஸ் பை' பாடலும் நாடகத்திலிருந்தே வந்ததுதான். திரைக்கதையாசிரியர்களான எப்ஸ்டைன் சகோதரர்களும் ஹோவர்ட் கோச்சும் சேர்த்த கிண்டலும் கூர்மையும் இல்லாமல் அது காசாபிளாங்கா ஆகியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எலும்புக்கூடு பர்னெட், அலிசன் கொடுத்தது. பின்னாளில் அவர்களுக்கு உரிய பெயர் கிடைக்காமல் போனது அந்த அமைப்பின் வழக்கமான அநியாயங்களில் ஒன்று.

நாடகம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது, பலரும் கவனிக்காதது. 'இந்த நாவலைத் தழுவியது' என்று நாம் நினைக்கும் படங்களில் பல, இடையில் ஒரு நாடகத்தைத் தாண்டி வந்தவை. 1931இல் யுனிவர்சல் எடுத்த டிராகுலாவுக்குப் பின்னால் ஹாமில்டன் டீனும் ஜான் பால்டர்ஸ்டனும் எழுதிய மேடை நாடகம் இருக்கிறது. பிராட்வேயில் அதில் நடித்த பெலா லுகோசியே படத்திலும் நடித்தார். மாலைநேர உடுப்பும் மேலங்கியுமாக ஒரு சீமான் வரவேற்பறைக்குள் நுழைகிறாரே, அது மேடையின் தேவை. பிராம் ஸ்டோக்கரின் பிரபு அப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர் அல்ல. அதே வருடம் வந்த ஃபிராங்கன்ஸ்டைன், பெகி வெப்லிங்கின் நாடகம் வழியாக வந்தது. நாவலில் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன். படத்தில் அவர் ஹென்றி, விக்டர் என்ற பெயர் நண்பனுக்குப் போய்விட்டது. இந்தப் பெயர் மாற்றம் அந்த நாடகத்தின் வேலை. மேரி ஷெல்லியின் படைப்பில் அந்த உயிரினம் மில்டனைப் படித்து, தன் துயரத்தைப் பக்கம் பக்கமாக வாதாடும். படத்தில் அது உறுமுகிறது. 1940இல் வந்த பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் படமும் ஜேன் ஆஸ்டினிடமிருந்து நேராக வந்ததில்லை, ஹெலன் ஜெரோமின் நாடகத்தைத் தழுவியது. திரைக்கதையாசிரியர்களில் ஒருவர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. நாவலில் கதாநாயகியின் திருமணத்தை எதிர்க்கும் லேடி கேத்தரின் அந்தப் படத்தில் கடைசியில் நல்லவராகிவிடுவார். ஆஸ்டின் வாசகர்கள் இதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள், நானும்தான்.

அடுத்த கை தணிக்கையுடையது. நீங்கள் கேட்ட ரெபெக்காவின் பதில் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் அரசு தணிக்கை செய்வதற்கு முன்னால் நாமே செய்துகொள்வோம் என்று ஸ்டுடியோக்கள் 1930இல் ஒரு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டன. நான்கு வருடம் அது காகிதத்தில் கிடந்தது. 1934 ஜூலையிலிருந்து ஜோசப் பிரீன் என்பவரின் அலுவலகம் சான்று தராமல் எந்தப் பெரிய ஸ்டுடியோ படமும் திரைக்கு வர முடியாது என்றானது. குற்றம் செய்தவன் தண்டனை பெறாமல் போகக் கூடாது என்பது விதி. டாஃப்னி டு மோரியேயின் நாவலில் கதாநாயகன் மாக்ஸிம் தன் முதல் மனைவியைச் சுட்டுக் கொல்கிறார், தப்பித்தும் விடுகிறார், வாசகர் அவர் பக்கம் நிற்கிறார். நாவலின் விஷமே அதுதான்: ஒரு கொலைகாரனுக்காக நம்மைப் பதற வைப்பது. பிரீன் அலுவலகம் ஒத்துக்கொள்ளவில்லை. எனவே 1940இல் வந்த படத்தில் ரெபெக்கா தவறி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். இதில் ஹிட்ச்காக்கைத் திட்டிப் பயனில்லை. சொல்லப்போனால், மற்ற எல்லா இடத்திலும் நாவலை ஒட்டியே எடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் செல்ஸ்னிக் அவரை விரட்டினார். ஹிட்ச்காக் முதலில் எழுதிக் கொடுத்த வடிவத்தில் நகைச்சுவைக் காட்சிகளையும் தன் சொந்தச் சரக்கையும் சேர்த்திருந்தார். அதைப் படித்துவிட்டு, நாம் ரெபெக்காவை வாங்கியிருக்கிறோம், ரெபெக்காவைத்தான் எடுக்கப்போகிறோம் என்ற பொருளில் செல்ஸ்னிக் ஒரு நீண்ட கண்டனக் குறிப்பே அனுப்பினார். ஆக, நாவலைக் காப்பாற்றியவர் அதிகாரம் பிடித்த ஒரு தயாரிப்பாளர், கெடுக்க முயன்றவர் மாமேதை. நம் வழக்கமான கதைக்கு இது நேர் எதிர்.

தணிக்கை எப்போதும் கெடுத்தது என்றும் சொல்ல முடியாது. ஜேம்ஸ் எம். கெய்னின் டபுள் இண்டெம்னிட்டியைப் பாருங்கள், இந்தப் பதிலில் நான் நின்று பேச விரும்பும் இடம் இதுதான். காப்பீட்டுப் பணத்துக்காகக் கணவனைக் கொல்லும் மனைவி, அவளுக்குத் துணைபோகும் காப்பீட்டு முகவர். 1927இல் நியூயார்க்கில் நடந்த ரூத் ஸ்னைடர் கொலை வழக்கின் சாயல் இதில் உண்டு. 1936இல் லிபர்ட்டி பத்திரிகையில் தொடராக வந்தது. பிரீன் அலுவலகம் கடுமையாக எதிர்த்து எழுதியதால் ஸ்டுடியோக்கள் வருடக்கணக்கில் அதைத் தொடவே இல்லை. பிறகு பாரமவுண்டில் இயக்குநர் பில்லி வைல்டர் எடுக்க முன்வந்தார். அவருடைய நிரந்தரக் கூட்டாளி சார்ல்ஸ் பிராக்கெட் இந்தக் கதையில் கை வைக்க மறுத்துவிட, துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லரைக் கூட்டிவந்தார்கள். இருவருக்கும் கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் சாண்ட்லர் சொன்னதுதான் சரி. கெய்னின் வசனம் பக்கத்தில் மின்னுகிறதே, அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார் வைல்டர். அது கண்ணுக்காக எழுதப்பட்டது, வாயில் நிற்காது என்றார் சாண்ட்லர். நடிகர்களை அழைத்து நாவலின் பக்கங்களை உரக்கப் படிக்கச் சொன்னதும் வைல்டர் அடங்கிவிட்டார். திரைக்கதை எழுதுபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இதுதான்: பிடித்த நாவலிலிருந்து ஒரு உரையாடலை எடுத்து இரண்டு பேரை நின்று பேசச் சொல்லுங்கள், இரண்டாவது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முடிவுக்கு வருவோம். நாவலில் காப்பீட்டு நிறுவனமே விஷயத்தை மூடி மறைத்து முகவனைக் கப்பலேற்றி அனுப்பிவிடும். அதே கப்பலில் அவளும் இருப்பாள். இருவரும் கடலில் குதிக்கத் தீர்மானிப்பார்கள். தண்டனையிலிருந்து தப்புவதையும் தற்கொலையையும் விதி ஏற்காது. வைல்டர் அவனை விஷவாயு அறைக்கு அனுப்பும் காட்சியைப் படமாகவே எடுத்தார், பிறகு தானே நீக்கிவிட்டார். அவர் வைத்துக்கொண்டது, முகவனும் அவனை மகன் போல நினைத்த அதிகாரி கீஸும் அலுவலக வாசலில் பேசும் சில நிமிடம். தப்பிக்கவும் கூடாது, விஷவாயு அறையையும் காட்ட வேண்டாம் என்ற இடுக்கில் பிறந்த முடிவு அது. கெய்னே பின்னர் பேட்டியில், வைல்டரின் முடிவு தன்னுடையதை விடச் சிறந்தது என்றும், அலுவலகத்தின் குரல் பதிவுக் கருவியில் அவன் வாக்குமூலம் சொல்லும் யோசனை தனக்குத் தோன்றியிருந்தால் தானே எழுதியிருப்பேன் என்றும் சொன்னார். எழுதியவரே ஒப்புக்கொண்டால் நாம் வாதாட என்ன இருக்கிறது.

இதற்கு எதிர்த்திசையில் த பிக் ஸ்லீப். சாண்ட்லரின் 1939 நாவல், 1946இல் ஹோவர்ட் ஹாக்ஸின் படம். திரைக்கதையில் வில்லியம் ஃபாக்னர் உண்டு, லீ பிராக்கெட் உண்டு. நாவலில் கைகர் என்பவன் ஆபாசப் புத்தகங்களை வாடகைக்கு விடுபவன், தன்பாலின உறவுள்ளவன். காணாமல்போன ரீகனைக் கொன்றது, துப்பறிவாளனை வேலைக்கு அமர்த்திய ஜெனரலின் சின்ன மகள். இவை மூன்றையும் சொல்லக் கூடாது. எனவே படத்தில் அந்தப் புத்தகக் கடையில் என்னதான் நடக்கிறது என்று யாருக்கும் புரியாது, கொலைப்பழி வில்லன் எட்டி மார்ஸ் தலையில் விழும். கதை புரியவில்லை என்று படத்தைக் குறை சொல்பவர்கள் பாதிக் குறையைப் பிரீனிடம் சொல்ல வேண்டும். மீதிப் பாதி சாண்ட்லருடையது. கதையில் சாகும் கார் ஓட்டுநரைக் கொன்றது யார் என்று படக்குழு தந்தியடித்துக் கேட்டது, தனக்கும் தெரியவில்லை என்று அவரே பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இப்படிப் புரியாமலேயே அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது கை முதலாளியுடையது. வதரிங் ஹைட்ஸ், 1939, தயாரிப்பு சாமுவேல் கோல்ட்வின், இயக்கம் வில்லியம் வைலர், எழுத்து பென் ஹெக்டும் சார்ல்ஸ் மக்கார்தரும். எமிலி பிராண்டியின் நாவலில் முப்பத்துநான்கு அத்தியாயங்கள். படம் ஏறத்தாழ முதல் பாதியோடு, கேத்தியின் மரணத்தோடு நிற்கிறது. அடுத்த தலைமுறையே இல்லை. அதனால் ஹீத்கிளிஃபின் பழிவாங்கல் எவ்வளவு அசிங்கமானது என்பது படம் பார்த்தவருக்குத் தெரியவே தெரியாது. அவர் மனதில் நிற்பது ஒரு சோகக் காதலன். இது இரண்டு மணி நேரக் கட்டாயம் என்று விட்டுவிடலாம். ஆனால் கடைசியில் இரண்டு ஆவிகள் கைகோத்துக் குன்றேறிப் போகின்றனவே, அது கோல்ட்வினின் ஆசை. வைலர் எடுக்க மறுத்தார். வேறு ஆளை வைத்து, நடிகர்களுக்குப் பதில் மாற்று ஆட்களை முதுகு காட்டி நடக்கவிட்டுச் சேர்த்துவிட்டார்கள்.

முதலாளியின் கை எப்போதும் முட்டாள்தனமானது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடாதீர்கள். த கிரேப்ஸ் ஆஃப் ராத் நாவலில் ஜோட் குடும்பம் முதலில் சுத்தமான அரசு முகாமில் தங்குகிறது, பிறகுதான் வேலைநிறுத்தமும் கொலையும் நடக்கும் பழத்தோட்டத்துக்குப் போகிறது. அதாவது கீழே கீழே இறங்குகிறது. 1940 படத்தில் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள்: அரசு முகாம் பின்னால் வருகிறது, பாதை மேலே ஏறுகிறது. பசியால் சாகும் மனிதனுக்கு ரோஸ் ஆஃப் ஷாரன் பாலூட்டும் கடைசிக் காட்சி அந்தக் காலத் திரையில் நினைத்தே பார்க்க முடியாதது. அதற்குப் பதில் நாவலின் நடுவிலிருந்து தாயின் பேச்சு ஒன்றை எடுத்து முடிவில் வைத்தார்கள். நியாயமாகப் பார்த்தால் இது கதையின் அரசியலையே மாற்றுகிறது. இருந்தும் ஜான் ஸ்டைன்பெக் படத்தைப் பார்த்துவிட்டு, புத்தகத்தை விடவும் கடுமையாக இருக்கிறது என்று தன் முகவருக்கு எழுதினார். வர்ணனைகளை எடுத்துவிட்டால் வெறும் சம்பவம் அதிகம் வலிக்கும் என்பது அவர் தந்த விளக்கம். நாவலைக் காட்டித் திட்டும் முன் நாவலாசிரியரின் கணக்கையும் பார்த்துவிடுவது நல்லது.

சரி, இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தத் துறையில் உலவும் கதைகளில் பலவற்றுக்கு ஒரே சாட்சி அதைச் சொன்னவர்தான். ஹெமிங்வேயிடம் 'உன் மிக மோசமான புத்தகத்திலிருந்துகூட நான் படமெடுப்பேன்' என்று பந்தயம் கட்டித்தான் டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட் எடுத்ததாக ஹாக்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஹாக்ஸ் கதை கட்டுவதில் வல்லவர் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உறுதியானது இவ்வளவு: 1944இல் வந்த அந்தப் படத்தில் நாவலின் தொடக்கப் பகுதியைத் தவிர அதிகம் மிஞ்சவில்லை, கியூபாவில் நடந்த கதையை, ஜெர்மனிக்கு அடங்கிய விஷி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மார்டினிக் தீவுக்கு மாற்றினார்கள், எழுதியவர்களில் ஃபாக்னர் ஒருவர். பின்னாளில் நோபல் பெற்ற இருவர் பெயரும் ஒரே படத்தில் அப்படித்தான் சேர்ந்தன. அதேபோல, கான் வித் த விண்டை ஒரு வாரம் திருத்தியபோது நாவலைத் தான் படிக்கவே இல்லை, செல்ஸ்னிக்கும் இயக்குநர் விக்டர் ஃபிளெமிங்கும் எதிரில் நின்று நடித்துக் காட்டினார்கள் என்று பென் ஹெக்ட் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் அந்த வேலையைச் செய்தது உண்மை. நடித்துக் காட்டிய காட்சியில் எவ்வளவு உப்பு, எவ்வளவு காரம் என்பது ஹெக்டுக்கே வெளிச்சம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. சுமாரான கதைதான் நல்ல படமாகும் என்ற கருத்துக்குப் பெரிய வக்கீல் ஹிட்ச்காக். ஒரு கதையை ஒரு தடவை படிப்பேன், அடிப்படை யோசனை பிடித்தால் புத்தகத்தை மறந்துவிடுவேன், தஸ்தயேவ்ஸ்கியின் குற்றமும் தண்டனையும் போன்றவற்றைத் தொடமாட்டேன் என்று பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் சொன்னார். இதில் ஒரு நியாயம் உண்டு. பெயர்பெற்ற நாவலைத் தொட்டால் காவலுக்கு லட்சம் வாசகர்கள் நிற்பார்கள். பத்திரிகையில் வந்த சிறுகதைக்கு யாரும் இல்லை. இட் ஹாப்பன்ட் ஒன் நைட், ஸ்டேஜ்கோச், ஆல் அபௌட் ஈவ், ஹை நூன், ரியர் விண்டோ, எல்லாம் பத்திரிகைச் சிறுகதையிலிருந்து விரிந்தவை. ஆல் அபௌட் ஈவ் கதையை எழுதிய மேரி ஓருக்குத் திரையில் பெயர்கூடப் போடவில்லை. சிறுகதையைப் படமாக்க எழுத்தாளர் சேர்க்க வேண்டும். நாவலைப் படமாக்க வெட்ட வேண்டும். சேர்ப்பதில் கண்டுபிடிப்பு நடக்கும், வெட்டுவதில் இழப்புதான் கண்ணில் படும். 'சுமாரான கதை' என்ற பேச்சுக்குப் பின்னால் இருப்பது தரம் அல்ல, அளவு என்பது என் கருத்து.

ஏனென்றால் எதிர் உதாரணம் கண்முன்னே இருக்கிறது. டஷீல் ஹாமெட்டின் த மால்டீஸ் ஃபால்கன் 1930இல் வந்த முதல்தர நாவல். வார்னர் அதை மூன்று தடவை எடுத்தது. 1931இல் ஒன்று; 1936இல் பெயரையும் பாத்திரங்களையும் மாற்றிக் கேலிக்கூத்தாக ஒன்று; 1941இல் ஜான் ஹஸ்டன் எடுத்தது. மூன்றில் நாவலை அதிகம் நம்பியது மூன்றாவது, நிலைத்ததும் அதுதான். ஹஸ்டன் வசனங்களைப் பெரும்பாலும் ஹாமெட்டிடமிருந்தே எடுத்தார். முடியவும் முடிந்தது, ஏனென்றால் அந்த நாவலில் யார் மனதுக்குள்ளும் ஆசிரியர் நுழைவதில்லை. ஆட்கள் செய்வதையும் சொல்வதையும் மட்டும் எழுதுகிறார். விட்டுவிட்ட இடங்களும் உண்டு: ஃபிளிட்கிராஃப்ட் என்பவனைப் பற்றித் துப்பறியும் நாயகன் ஸ்பேட் சொல்லும் கிளைக்கதை இல்லை, எனக்கு அது இன்றும் வருத்தம். கனவுகளைச் செய்யும் சரக்கு என்று பறவைச் சிலையைப் பற்றி ஸ்பேட் சொல்லும் புகழ்பெற்ற வரி நாவலில் கிடையாது; ஷேக்ஸ்பியரின் நாடக வரியை வளைத்துச் சேர்த்தது.

விசுவாசத்தை அளப்பது எவ்வளவு வழுக்கலான வேலை என்பதற்கு ஆர்சன் வெல்ஸின் த மாக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ் போதும். பூத் டார்கிங்டனின் நாவலைத் தழுவி 1942இல் வந்தது. வெல்ஸ் ஊரில் இல்லாதபோது ஆர்கேஓ சுமார் 131 நிமிடப் படத்தை 88 நிமிடமாக வெட்டி, மருத்துவமனையில் எல்லோரும் சமாதானமாகும் முடிவைப் புதிதாக எடுத்து ஒட்டியது. ஹாலிவுட் செய்த பெரும்பாவங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் நாவலைத் திறந்து பாருங்கள்: அது மருத்துவமனையில்தான், சமாதானத்தில்தான் முடிகிறது. வெல்ஸ் எழுதிய முடிவு, பழைய விடுதியில் இரண்டு வயதானவர்கள் பேசிக்கொள்ளும் காட்சி, அவருடைய சொந்தக் கற்பனை. ஸ்டுடியோ மூலத்தின் பக்கம் போய்ப் படத்தைக் கெடுத்தது.

மூலக்கதை வெறும் கொசுறு இல்லை என்பதற்குச் சட்டமும் சாட்சி சொல்கிறது. பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்பவர் தன் சிறுகதையை எந்தப் பத்திரிகையும் வாங்காததால் 1943 கிறிஸ்துமஸுக்கு 200 பிரதிகள் அச்சடித்து வாழ்த்து அட்டை போல நண்பர்களுக்கு அனுப்பினார். ஆர்கேஓ அதை 10,000 டாலருக்கு வாங்கி, பிறகு இயக்குநர் ஃபிராங்க் காப்ராவுக்குக் கைமாற்றியது. 1946இல் இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப் வந்தது. 1974இல் படத்தின் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள், எல்லா டிவிக்காரர்களும் இலவசமாக ஓட்டினார்கள், படம் வீடுதோறும் பழகியது அப்படித்தான். இதற்கிடையில் ரியர் விண்டோவின் மூலக்கதை பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கார்னெல் உல்ரிச் இறந்த பிறகு அந்தக் கதையின் புதுப்பித்த உரிமையை ஷெல்டன் அபெண்ட் என்ற முகவர் 650 டாலருக்கும் வருமானத்தில் பத்து சதவீதப் பங்குக்கும் வாங்கியிருந்தார்; அவர் அனுமதியில்லாமல் படத்தை மறுபடி வெளியிட முடியாது என்று 1990இல் தீர்ப்பு வந்தது. இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான், ஸ்டெர்னின் கதை உரிமையை வைத்திருந்த ரிபப்ளிக் நிறுவனம் 1993இல் காப்ரா படத்தின் இலவச ஓட்டத்தை நிறுத்தியது.

கடைசியாக, எதை முதலில் என்று கேட்டீர்கள். இதில் விதி கிடையாது, என் ருசியைச் சொல்கிறேன். ரெபெக்காவில் நீங்கள் செய்ததுதான் சரி, புத்தகம் முதலில். வதரிங் ஹைட்ஸும் அப்படியே, இல்லாவிட்டால் ஹீத்கிளிஃபை லாரன்ஸ் ஒலிவியேவின் முகத்திலிருந்து பிரிக்கவே முடியாது. டபுள் இண்டெம்னிட்டிக்குப் படம் முதலில். நாவல் சின்னது, ஒரே மாலையில் முடிந்துவிடும், முடிவு வேறு என்பதால் படம் பார்த்தவருக்கும் சுவை குறையாது. மால்டீஸ் ஃபால்கனில் எது முதலில் வந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஹஸ்டன் படத்துக்குப் பிறகு 1931 படத்தையும் தேடிப் பாருங்கள். ஒரே நாவல், ஒரே ஸ்டுடியோ, பத்து வருட இடைவெளி. நடுவில் பிரீன் அலுவலகம் வந்துவிட்டதால் எது போனது, ஹஸ்டன் வந்ததால் எது சேர்ந்தது என்று தனித்தனியாகவே தெரியும்.